இடது பக்கம் ஓர் அங்குலம்

லில்லிபுஷ்பத்தை அடக்கம் செய்த மறுநாள் காலையில் அவள் புருஷன் மாசிலாமணியின் இடது பக்கத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சிவப்பு மண் போக உடம்பைத் தேய்த்துக் குளிக்கும்போது அது அவர் கைக்குத் தட்டுப்பட்டது. கடைசி விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, சின்ன அரிவாள் போல வளைந்து, வலியும் வீக்கமும் இல்லாமல், வெகுகாலமாக அங்கேயே குடியிருந்ததைப் போலத் தோலுக்கடியில் படுத்திருந்தது. அவர் அதன்மேலும் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தலையைத் துவட்டிச் சட்டையை மாட்டினார். சட்டையின் இடது பக்கத் தையல் பிரிந்தது. அந்த வீட்டில் ஊசியும் நூலும் எங்கே இருக்கின்றன என்பது லில்லிபுஷ்பத்துக்கு மட்டுமே தெரியும். அதனால் மாசிலாமணி துண்டைப் போர்த்திக்கொண்டு, பிரிந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் எப்சிபாவின் தையல் கடைக்கு நடந்தார்.

செம்மணல்விளை தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே மண் சிவப்பு. ஆடிக் காற்றில் எழுந்து நடக்கும். இந்த மாதம் ஒருவர் வேலிக்குள் கிடக்கும் மேடு அடுத்த மாதம் இன்னொருவர் வேலிக்குள் கிடக்கும். கையில் அள்ளி இறுக்கினால் உள்ளங்கைச் சூடு அதில் வெகுநேரம் நிற்கும். ஆகவே மண்ணிலிருந்து மனுஷன் எழுந்தான் என்று கோயிலில் வேதம் வாசித்தபோது அந்த ஊரார் அதை அதிசயமாகக் கேட்டதில்லை. இந்த மண்ணாக இருந்தால் எழுந்திருக்கும் என்றுதான் நினைத்தார்கள். அந்த மனுஷனைத் தூங்கவைத்து, அவன் விலா எலும்பை எடுத்துக் கடவுள் மனுஷியைச் செய்த சங்கதியும் அப்படித்தான். ஆண்களுக்கு இடது பக்கம் ஒரு விலா குறைவு என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எண்ணிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்து, உன் விலாக்காரன் எந்த ஊர்ல இருக்கானோ என்று கேட்பது அங்கே சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போல. எப்சிபாவிடம் அதை முதலில் ஆசையாகக் கேட்டார்கள், பிறகு கவலையாக, பிறகு கிண்டலாக, கடைசியில் வெறும் வழக்கமாக. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது, யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதுதான் கேட்டதைவிட அவளுக்கு வலித்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

"எம்மா எப்சிபா, இதக் கொஞ்சம் தச்சுக் குடு" என்றார் மாசிலாமணி.

அவள் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "புதுத் தையல்லா, அண்ணாச்சி. எப்படிப் பிரிஞ்சுது? மாட்டிக்கிட்டுச்சா?"

"மாட்டல. உடம்பு கூடிப்போச்சு."

"ஒரு நாள்லயா?"

அவர் துண்டை விலக்கிக் காட்டினார். எப்சிபா எட்டி நின்று பார்த்தாள், கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள், விரல் நுனி கூட அவர்மேல் படாமல் நாடாவின் இரண்டு முனைகளை மட்டும் பிடித்து வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை அளந்தாள்.

"ஓர் அங்குலம் கூட இருக்கு" என்றாள். "பிரிச்சு விட்டுத் தாரேன். துணி உள்ள மடிச்சுதான் இருக்கு."

"அது என்னன்னு கேக்கலியே நீ."

"விலா எலும்புதான, அண்ணாச்சி. மைனி போனதும் திரும்ப வந்திருக்கு" என்றாள் எப்சிபா, மிஷினில் நூல் கோர்த்துக்கொண்டே.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம் என்றார்கள். முதலில் ஆண்கள் பார்த்தார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள், வந்து பார்த்ததோடு நிற்கவில்லை, அந்த எலும்போடு பேசவும் செய்தார்கள், ஏனென்றால் லில்லிபுஷ்பம் திடீரென்று மஞ்சள் காமாலையில் போனவள், யாரிடமும் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி செல்லத்தங்கம், குரல் பெரிதான, எழுபது வயதுக்காரி, மாசிலாமணியை நாற்காலியில் உட்காரவைத்து அவர் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்து, "ஏட்டி லில்லி, சங்கத்து அண்டாவை யாருக்குட்டி இரவல் குடுத்த?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பெயராக அவள் சொல்லிக்கொண்டே போனபோது, பள்ளிக்கூட வாட்ச்மேன் வீட்டுப் பெயர் வந்ததும் மாசிலாமணி, "அம்மா, அசையுது" என்றார். அண்டா அந்த வீட்டில்தான் இருந்தது. வாட்ச்மேன் பெண்சாதி அதில் நெல் கொட்டி வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு சாவி தொலைத்தவர்களும், கொடுத்த பாத்திரத்தை மறந்தவர்களும், எந்த மாமியார் என்ன சொன்னாள் என்று சாட்சி வேண்டியவர்களும் அந்த வீட்டுக்கு வந்துபோனார்கள். மாசிலாமணி தண்ணீர் லாரி ஓட்டுபவர். லாரியை நிறுத்திய இடத்தில் குடத்தோடு நிற்கும் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டுவிடுவார்கள். சாப்பாட்டில் உப்பைக் கூட்டிப் போட்டால் எலும்பு குத்தும், ஏனென்றால் உப்பைக் குறைக்கச் சொல்லி அவரோடு கடைசிவரை சண்டை போட்டவள் அவள். அவளுக்குப் பிடித்த பாட்டைக் கோயிலில் பாடினால் நிமிரும், அவருக்கு அந்தப் பக்கம் நேராக உட்கார வேண்டியிருக்கும். ஊர் இதற்கெல்லாம் பழகிவிட்டது.

பழகாதவன் சாலமோன் ஒருவன்தான். லில்லிபுஷ்பத்தின் தம்பி, நாற்பது வயது, இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான், சபைக் கமிட்டிக்கு அவன்தான் செயலர். அக்காள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் அவன் வந்து, "அத்தான், சட்டையைத் தூக்குங்க" என்பான். எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். பிறகு, "சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான், அதை யாரிடம் கேட்டான் என்று மாசிலாமணிக்குத் தெரியாது.

கணக்குச் சந்தேகத்தை எழுப்பியவன் கோயில் மணியடிக்கும் இஸ்ரவேல். "ஆம்பளைக்கு இடது பக்கம் ஒண்ணு குறைச்சல்னா, திரும்ப வந்ததும் ரெண்டு பக்கமும் சரியால்ல இருக்கணும்? அண்ணாச்சிக்கு இடது பக்கம் ஒண்ணு கூடுதலா இருக்கே. அப்ப முன்னால சரியாவா இருந்துச்சு?" என்று அவன் டீக்கடையில் கேட்டான். கேட்டவன் வாயை அடைக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை சபை ஆண்கள் எல்லாரும் கோயில் மைதானத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்க, இஸ்ரவேல் ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினான். கூச்சக்காரர்கள் நெளிந்தார்கள், தடித்தவர்களை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. இடது பன்னிரண்டு, வலது பன்னிரண்டு, ஒருவருக்கும் குறையவில்லை. தங்கள் முதுகு வலிக்கு அந்தக் குறைந்த எலும்பையே காரணமாகச் சொல்லிவந்த சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. சங்கதி அதோடு நிற்கவில்லை. செல்லத்தங்கம் பள்ளிக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு பெண்களை எண்ணினாள்; வெளியே வந்து, "எங்களுக்கும் அம்புட்டுத்தான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இத்தன வருசமா யாருகிட்டயோ கடன் வாங்குன மாதிரி தலைகுனிஞ்சு உக்காந்திருக்கோம்" என்றாள்.

எல்லாருக்கும் சரியாக இருப்பதும் உண்மை, மாசிலாமணிக்கு ஒன்று திரும்ப வந்திருப்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று இடித்தன. ஊர் அதையும் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தது.

இதற்குள் மாசிலாமணியின் சட்டைகள் ஒவ்வொன்றாக எப்சிபாவிடம் வந்து இடது பக்கம் அகலமாகித் திரும்பின. பழைய சட்டைகள் முடிந்ததும் பனியன் வந்தது, பனியன் முடிந்ததும் மழைக்கோட்டு வந்தது. ஒருநாள் மத்தியானம் தலையணை உறை ஒன்று வந்தது.

"இதுக்கு எது இடது பக்கம், அண்ணாச்சி?"

"இதுக்கு ஒண்ணும் செய்யாண்டாம். கொண்டாரதுக்கு வீட்ல வேற எதுவும் இல்ல" என்றார் மாசிலாமணி.

எப்சிபா உறையை மடித்து மேஜைமேல் வைத்தாள். எதிரே பஸ் வந்து நின்று, ஆள் இறக்கிவிட்டுப் போயிற்று.

"ஐயர்ட்ட ஓலைக்குச் சொல்லட்டுமா?" என்றார் அவர், போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு. சபைப் போதகர்தான் ஐயர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் அவர் இரண்டு பெயரையும் சொல்லி, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பதை அங்கே ஓலை வாசிப்பது என்பார்கள்.

அவள் மிஷினில் ஒரு தையல் முழுக்க ஓட்டி, நூலை வெட்டி, பிறகு, "சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. அடுத்த வாரம் ஒரு சட்டையை வெட்டும்போது பாதியில் கத்தரியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். கேள்வி நின்றுபோன வீட்டில் யாரோ வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் விலாசம் மாறி வந்துவிடவில்லையே என்பதுதான் அவள் பயம்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள், சபை பேசாமல் இருந்தது. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு ஐயர் தடை உண்டா என்று கேட்டபோது ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சிலிருந்து சாலமோன் எழுந்தான்.

"உண்டு, ஐயரே. பொண்டாட்டி இருக்கையில ரெண்டாம் கல்யாணம் நம்ம சபையில உண்டா?"

"சாலமோன், உங்க அக்கா..."

"உள்ள இருக்கா. எல்லாரும் பேசியிருக்கிய. அண்டாவை யாரு காட்டிக் குடுத்தா? அதுவும் போகட்டும், வாரவ யாரு விலா? அத்தான்கிட்ட இருந்து எடுத்தது ஒண்ணு. அது திரும்ப வந்தாச்சு. இனி எடுக்கதுக்கு என்ன இருக்கு? எப்சியக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்க இவங்க விலா இல்ல, அவ்வளவுதான்."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சிபா மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவள் யாருடைய விலாவும் இல்லை என்று ஊர் நினைத்ததைச் சாலமோன் கோயிலில் சத்தமாகச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் மோசம்.

புதன்கிழமை மாலை சபைக் கூட்டம் கூடியது. ஐயர் ஜெபசிங் சின்ன வயதுக்காரர், படித்து முடித்து முதலில் வந்த சபை இதுதான். அவர் வேதத்தை விரித்து, உலகம் உண்டான கதையைச் சொல்லும் முதல் இரண்டு அதிகாரங்களையும் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஊரார் சின்ன வயதிலிருந்து கேட்டவைதான். ஆனால் ஒரே கதையாகத்தான் கேட்டிருந்தார்கள். காதுக்குள் அவையிரண்டும் கலந்து ஒன்றாகிப் போயிருந்தன. இப்போது தனித்தனியாகக் கேட்டபோது ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் அதிகாரத்துல மிருகங்க முதல்ல, மனுஷர் கடைசியில" என்றார் ஐயர். "ரெண்டாவதுல மனுஷன் முதல்ல, அதுக்கப்புறம் தோட்டம், அதுக்கப்புறம் மிருகம், எல்லாத்துக்கும் கடைசியில மனுஷி. முதல் அதிகாரத்துல மண்ணு இல்ல, தூக்கம் இல்ல, விலா எலும்பு இல்ல. ஆணும் பெண்ணும் ஒண்ணா வாராங்க, ஒரே நாள்ல, ஒரே சாயல்ல. யாரும் யாருக்குள்ளயிருந்தும் வரல."

"அப்ப எது பொய்?" என்றான் சாலமோன்.

"ரெண்டும் வேதம்."

"ரெண்டு மாதிரி சொன்னா ஒண்ணு தப்பாத்தான இருக்கணும், ஐயரே. என் கடையில ஒரே ஆணிக்கு ரெண்டு விலை சொன்னா நீங்க வாங்குவியளா?"

சிரிப்பு எழுந்தது. செல்லத்தங்கம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "ஏ சாலமோன், நான் பிறந்த கதையை எங்க அம்மா சொன்னா மழையில ஆரம்பிப்பா. கூரை ஒழுகுனது, விளக்கு அணைஞ்சது, வலி வந்தது, எல்லாம் சொல்லி முடிச்சுத்தான் நான் வருவேன். எங்க அப்பா சொன்னா, நான்தான் முதல்ல. அதுக்கப்புறம்தான் மழையே பெய்யும். ரெண்டு பேரும் பொய் சொல்லல. பிறந்தது நான் ஒருத்திதான்."

"ஒரு கதை யாரு எப்ப வந்தான்னு சொல்லுது" என்றார் ஐயர், கொஞ்சம் தைரியம் வந்து. "இன்னொரு கதை தனியா இருந்தவன் எப்படித் துணையைக் கண்டான்னு சொல்லுது. வேற வேற காலத்துல, வேற வேற ஆட்கள் சொன்னதுன்னு படிச்சவங்க சொல்லுதாங்க. பின்னால வந்த பெரியவங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தச்சுட்டாங்க. ஒண்ணுக்குப் பொருந்தணும்னு இன்னொண்ணை வெட்டல. தையல் வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்லன்னு விட்டுட்டாங்க."

எப்சிபா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். வேறு வேறு துணி இரண்டைச் சேர்க்கும்போது எப்படியும் ஒன்றின் ஓரத்தை வெட்டத்தான் கை போகும். வெட்டாமல் சேர்ப்பது கஷ்டம், மடிப்பு தடிக்கும், ஆனால் பிற்பாடு தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கத் துணி இருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் நீண்டது. கடைசியில் சாலமோன் எழுந்து, களைத்த குரலில், "சரி. நான் ஒண்ணு சொல்லுதேன். பெரியாஸ்பத்திரியில அந்த எலும்பை எடுத்திரட்டும். செலவு என்னது. எடுத்து எங்கிட்ட குடுங்க, அக்கா கல்லறையில கொண்டு போய் வைக்கேன். அதுக்கப்புறம் அத்தான் யாரை வேணாலும் கட்டட்டும், நான் கமிட்டியிலயும் பேசமாட்டேன், கல்யாணத்துக்கும் வருவேன்" என்றான்.

மாசிலாமணி பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எடுத்துக்கலாம்" என்றார். சொன்னதும் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரார் நிம்மதியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். நியாயமான முடிவு என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மயக்கம் கொடுத்துச் செய்வது, ஒன்றும் பயமில்லை என்றார்கள். திங்கள் காலை மாசிலாமணியும் சாலமோனும் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். எதிரே கடைக்குள் எப்சிபா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்யாணச் சட்டைக்கான வெள்ளைத் துணி மேஜையில் விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தாள், ஏனென்றால் இனி இடது பக்கம் கூடுதல் துணி தேவையில்லை. கத்தரியைத் துணிக்குள் நுழைத்தாள். நுழைத்த கத்தரி நகரவில்லை. அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்து நின்றது. மாசிலாமணி படியில் ஒரு காலை வைத்தபோது, "ஏற வேண்டாம்" என்று அவளுடைய குரல் கேட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். எப்சிபா ரோட்டில் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது.

"என்னக்கா, கடைசி நேரத்துல?" என்றான் சாலமோன். "உங்களுக்காகத்தான போறோம்."

"அதான் தம்பி வேண்டாங்கேன். இவங்களை மயக்கம் குடுத்துத் தூங்கவச்சு, விலாவை எடுத்து, சதையை மூடித் தைப்பாங்க. கண் முழிக்கையில பக்கத்துல நான் நிக்கணும். அப்ப நான் எந்த அதிகாரம்?"

சாலமோன் பையைக் கீழே வைத்தான்.

"உங்க வாயால சொன்னியளே, நான் இவங்க விலா இல்லன்னு. உள்ளதுதான். நான் யாரு விலாவும் இல்ல. இத்தனை வருசம் அதுக்கு வெக்கப்பட்டேன். நீங்க இப்ப இவங்களைக் கொண்டுபோய் வெட்டி, அந்த இடத்துல என்னை வச்சிராதீய. மைனியை எடுத்துத்தான் எனக்கு இடம் வரணும்னா எனக்கு அந்த இடம் வேண்டாம். நான் வந்தா பக்கத்துல வந்து நிப்பேன். உள்ளயிருந்து வரமாட்டேன்."

"ஏறுதியளா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

மாசிலாமணி படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். சாலமோன் கையைக் காட்ட, பஸ் போயிற்று. புழுதி அடங்கும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"அப்ப அக்கா அங்கேயே இருக்கட்டுமா?" என்றான் சாலமோன்.

"இருக்கட்டும். சட்டையில இடம் விட்டுத் தைக்கேன்."

"ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கலாமா? கல்யாணத்துக்கு அப்புறமும்?"

"வாங்க. வரும்போது ஆணி கொண்டாங்க, கடையில பலகை ஆடுது" என்றாள் எப்சிபா. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சாலமோன் அவளைப் பார்க்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐயர் வீட்டுப் பக்கம் நடந்தான். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை மறுபடி வாசித்தபோது முதல் பெஞ்சில் அவன் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

கல்யாண ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷயத்தில் தகராறு வந்தது. அந்தக் கோயிலில் ஆண்களுக்கு வடக்கு வாசல், பெண்களுக்குத் தெற்கு வாசல். மாப்பிள்ளை முதலில் வந்து பீடத்துக்கு முன்னால் தனியாக நிற்பான். பிறகு பெண்ணை அவள் மாமன் கைப்பிடித்துக் கொண்டுவந்து அவனிடம் சேர்ப்பான். அப்படித்தான் வேதத்தில் சொன்ன அந்த முதல் தோட்டத்தில் நடந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எப்சிபா ஐயரிடம் போய், தன்னை யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை என்றும், இருவரும் ஒன்றாகவே உள்ளே வருவார்கள் என்றும் சொன்னாள். எந்த வாசல் வழியாக என்று கமிட்டி கேட்டது. மேற்கே ஒரு பெரிய வாசல் உண்டு, பிஷப் வந்தாலும் பெட்டி வந்தாலும் மட்டுமே அதைத் திறப்பார்கள்; கடைசியாக அதன் வழியே வந்தவள் லில்லிபுஷ்பம். அதைத் திறக்கலாமா என்று கமிட்டியில் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, செயலர் சாலமோன் சாவியை எடுத்து இஸ்ரவேலிடம் கொடுத்து, "கீலுக்கு எண்ணெய் போடு" என்றான்.

அன்றைக்கு மேற்கு வாசல் வழியே மாசிலாமணியும் எப்சிபாவும் வந்தார்கள். வாசற்படியில் யார் முதலில் கால் வைத்தது என்பதைப் பார்ப்பதற்காகவே செல்லத்தங்கம் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிற்பாடு எத்தனை பேர் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. வாசலுக்கு உள்ளே வந்ததும் பாடல் குழு, யாரும் சொல்லாமலே, லில்லிபுஷ்பத்துக்குப் பிடித்த பாட்டை எடுத்தது. எலும்பு நிமிர்ந்தது. படக்கென்று ஒரு சத்தம் கேட்டது, பக்கத்தில் நடந்த எப்சிபாவுக்கு மட்டும்.

மறுநாள் காலையில் அவள் கல்யாணச் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். இடது பக்கம் ஓர் அங்குலம் விட்டிருந்தாள். இன்னும் ஓர் அரை அங்குலம் விட்டிருக்க வேண்டும். தையல் பிரிந்திருந்தது. மிஷின் கடையில் இருந்தது, கடையைத் திறக்க நேரம் இருந்தது.

"ஊசிநூல் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார் மாசிலாமணி. "அன்னைக்கே தெரியாமத்தான உங்கிட்ட வந்தேன்."

எப்சிபா சட்டையை மடித்து வைத்தாள். பிறகு அவர் அருகே வந்து, நாடா இல்லாமல், தன் உள்ளங்கையை அவருடைய இடது பக்கத்தில் வைத்தாள். இத்தனை நாள் அளந்திருந்தும் அதை இன்றுதான் தொடுகிறாள். அது அவள் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

"மைனி" என்றாள், "ஊசிநூல எங்க வச்சிருக்கிய?"

அவரை அப்படியே கையால் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். அடுப்படியில் ஒன்றும் இல்லை. பீரோவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில், பழைய பாட்டுப் புத்தகங்கள் அடுக்கிய பலகைக்கு நேரே வந்தபோது அவள் கைக்கடியில் அது அசைந்தது. புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே நாலு ஊசி, ஒரு வெள்ளை நூல்கண்டு, மாசிலாமணியின் பழைய சட்டைகளிலிருந்து விழுந்த பொத்தான்கள். நூலின் முனையை நாக்கில் ஈரமாக்கி ஊசியில் கோர்த்துக்கொண்டு, எப்சிபா ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளே மடித்திருந்த துணியை இன்னும் அரை அங்குலம் விட்டுக் கொடுத்தாள்.